எடைமேடைக்காரி வாங்கப்போன துப்பாக்கி

எங்கள் மரஆலையின் வாசலில், எடைமேடையை ஒட்டி ஒரு தகரக் கூண்டு உண்டு. அதன் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இம்பி ருவோனா உட்கார்ந்திருப்பாள். காட்டிலிருந்து மரம் ஏற்றி வரும் எந்த லாரியும் அவள் கண்ணில் படாமல் உள்ளே போக முடியாது. மரத்தோடு ஒருமுறை, இறக்கிய பிறகு வெறும் லாரியாக ஒருமுறை எடை போடுவாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் ஆலை பணம் தரும். லாரிக்காரர்களின் சாமர்த்தியம் முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் வேலை செய்யும்.

ஒருத்தன் மரத்தின் மேல் கிடக்கும் பனியைத் தட்டாமல் கொண்டுவருவான். இன்னொருத்தன் மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து எடை போட்டுவிட்டு, வெறும் லாரி எடைக்கு வரும்போது அவனைச் சிகரெட் பிடிக்க இறக்கிவிடுவான். இம்பி ஒன்றையும் விட்டதில்லை. ஜன்னலைத் திறந்து, "உன் மச்சான் எங்கடா? அவனையும் பலகையா அறுத்துட்டாங்களா?" என்று கேட்பாள். அதோடு அந்த ஆளின் மானம் போய்விடும்.

வேலைதான் அவளை அப்படி ஆக்கியது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆலை முற்றத்தில் மரம் தூக்கும் யந்திரத்தை நான்தான் ஓட்டினேன். பல வருஷம் அவளோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். கடையில் வாங்கிய, கறி அடைத்துச் சுட்ட பாஸ்டியைக் கடிக்கும் முன் பிய்த்து, உள்ளே இருப்பது மாட்டுக்கறிதானா என்று பார்ப்பாள். வானிலை அறிவிப்பில் பனி வரும் என்று சொன்னால், அதை வாசிக்கும் ஆளுக்குப் பனிவாரும் மண்வெட்டி விற்கும் தம்பி யாராவது இருப்பான் என்பாள். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த ஃபின்லாந்துக்காரர்கள் நாங்கள் எல்லாருமே வாய் குறைந்தவர்கள். இம்பிக்கு வாய் மட்டும் குறைவில்லை, நம்பிக்கைதான் குறைவு.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் அவளுடைய வேட்டைக் குடில் எரிந்துபோனது. புகைக்கூண்டிலிருந்து விழுந்த பொறி என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். அவள் தானே போய் சாம்பலைக் கிளறிப் பார்த்து, வெடித்துக் கிடந்த புகைக்கூண்டுச் செங்கல்லைக் கையில் எடுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள். குடிலோடு அவளுடைய துப்பாக்கியும் போயிற்று. கட்டை கரியாகி, குழல் வளைந்து கிடந்ததாம்.

எங்கள் பக்கத்தில் நவம்பர் பதினைந்தில் மான் வேட்டை திறக்கும். அன்று பள்ளிக்கூடம் கிடையாது, ஆலையில் பாதி ஆள் கிடையாது. தனியாக வாழ்ந்த இம்பிக்கு வேட்டை பொழுதுபோக்கு இல்லை. ஒரு மான் விழுந்தால் வசந்தம் வரை கறிக்கு அவள் கடைக்குப் போக வேண்டாம். அவள் இடதுகைக்காரி. மற்ற துப்பாக்கிகளில் தோட்டா மாற்றும் கைப்பிடி வலதுகைக்காரர்களுக்கென்று வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். விசைக்குக் கீழே லீவர் வைத்த துப்பாக்கிக்கு அந்தப் பேதம் இல்லை. எந்தக் கையானாலும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். தேவதாரு அடர்ந்த சதுப்பில் எதிர்பாராமல் எழுந்து ஓடும் மானுக்கு அதுதான் சரி. ஆகவே லீவர் துப்பாக்கி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. புதிதா, பழையதா என்பதில்தான் எல்லாச் சந்தேகமும்.

இலை உதிரத் தொடங்கியதும் அவள் வெஸ் ட்ரெவாரோவின் இரும்புக் கடைக்குப் போனாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். துணைக்கு என்றால் சாட்சிக்கு. வெஸ் நல்ல பையன், பேச்சு கொஞ்சம் அதிகம். பெட்டியைத் திறந்து புதுத் துப்பாக்கியை எண்ணெய் மணக்க எடுத்து நீட்டினான்.

இம்பி முதலில் அதை முகர்ந்தாள். லீவரைத் தள்ளினாள். மணலில் கதவு திறப்பதுபோல ஒரு நறநறப்பு.

"இது என்ன சத்தம்?"

"புதுசு இல்லையா, பழகப் பழக வழுக்கிக்கிட்டுப் போகும்."

"யார் பழக்கணும்?"

"நீங்கதான்."

"அப்போ அவங்க வேலையை நான் செஞ்சு முடிக்கணும், காசும் நானே குடுக்கணும். இந்தப் பொத்தான் எதுக்கு?"

"காப்புப் பொத்தான். இப்பல்லாம் புதுசு எல்லாத்துலயும் வைக்கறாங்க. அழுத்தி விட்டா வெடிக்காது."

"மான் வரும்போது அழுத்தி இருக்கா இல்லையான்னு நான் யோசிச்சுக்கிட்டு நிக்கணுமா? முன்னல்லாம் தோட்டாவை அடிக்கற இந்தக் குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினாலே போதும், வெடிக்காது. இவ்வளவு வருஷமா இல்லாத பொத்தானை இப்ப ஏன் வைக்கறாங்க? யாரையோ எங்கயோ சுட்டிருக்கும். நம்மகிட்ட சொல்லல."

வெஸ் என்னைப் பார்த்தான். நான் ஆணிப் பெட்டிகளைப் பார்த்தேன்.

"அக்கா, புதுசுன்னா அதை யாரும் கெடுக்கலைன்னு அர்த்தம்," என்றான் வெஸ்.

"புதுசுன்னா இதை வெச்சு இன்னும் ஒருத்தரும் ஒரு மானைச் சுடலைன்னு அர்த்தம்."

"பழசுன்னா யாரோ இது வேண்டாம்னு வித்துட்டாங்கன்னு அர்த்தம். அது பரவாயில்லையா?"

இம்பி பொத்தானை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தாள். துப்பாக்கியை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, முன்பணம் எதுவும் கொடுக்காமல் வெளியே வந்தாள். வண்டியில் ஏறிய பிறகு, "அவன் சொன்னது சரிதான் ஆர்வோ. அதான் எனக்கு எரிச்சலா இருக்கு," என்றாள்.

அவள் துப்பாக்கி தேடுவது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் கிளோவிஸ் பெருபே மரத்தோடு எடைமேடையில் வந்து நின்றவன், லாரியை விட்டு இறங்கிக் கூண்டு ஜன்னலைத் தட்டினான். கிளோவிஸ் பிரெஞ்சு வம்சம்; பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். முன்பொருமுறை லாரியின் அடியில் தண்ணீர்ப் பீப்பாயைக் கட்டிவைத்து இம்பியிடம் மாட்டிக்கொண்டவன். அன்றிலிருந்து இருவருக்கும் எண்களைத் தவிர வேறு பேச்சில்லை.

"இம்பி, என் லீவர் துப்பாக்கியை விக்கறேன். உனக்குத் தரேன்."

அந்தத் துப்பாக்கியை எங்களுக்கெல்லாம் தெரியும். இப்போது வருவதில்லை அந்த மாதிரி. அக்ரூட் மரக் கட்டை, பட்டுப்போல ஓடும் லீவர். கிளோவிஸ் தன் மனைவியைக் கடன் கொடுத்தாலும் கொடுப்பான், அதைக் கொடுக்கமாட்டான் என்று ஆலையில் கிண்டல் செய்வோம். அவன் கேட்ட விலை, வெஸ் கடைப் புதுத் துப்பாக்கி விலையில் பாதிகூட இல்லை.

"அதுக்கு என்ன நோவு?" என்றாள் இம்பி.

"ஒரு நோவும் இல்லை."

"அப்ப உனக்கு என்ன நோவு?"

"தோள்பட்டை," என்றான் கிளோவிஸ். "வேணும்னா வா, வேணாம்னா போ. வாங்கறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க."

லாரியில் அவன் மனைவி லியோனா உட்கார்ந்திருந்தாள். ஓரப் பார்வையில் இம்பி அவளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். மே மாதத்தில் காட்டுச் சாலைகள் காய்ந்து லாரிகள் திரும்ப ஓடத் தொடங்கியதிலிருந்து லியோனா ஒவ்வொரு நடைக்கும் கூட வந்தாள். பழைய மச்சான் தந்திரமாக இருக்கும் என்று இம்பி காத்திருந்தாள். ஆனால் லியோனா வெறும் லாரி எடைக்கும் இறங்கவில்லை. எடையில் ஒரு தில்லுமுல்லும் இல்லை. அதுதான் இம்பியைத் தூங்கவிடாமல் செய்தது.

அன்று மதியம் அவள் என்னிடம் சொன்னாள்: "இது லஞ்சம். பாதி விலைக்குத் துப்பாக்கி. அப்புறம் அவன் என்ன ஏத்திக்கிட்டு வந்தாலும் நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும். பெரிசா ஏதோ திட்டம் போட்டிருக்கான். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து."

"அப்போ வாங்காதே."

"வாங்காட்டி என்ன திட்டம்னு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை பெருபே வீட்டுக்குப் போனோம். லியோனா காபியும், மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பலகாரமும் வைத்தாள். இம்பி பலகாரத்தைப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். பிறகு பின்கட்டுப் பட்டறையில் துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி வேலையை ஆரம்பித்தாள். லீவரைத் திறந்து உள்ளே வெள்ளைத் தாளைச் செருகி, குழலின் முனை வழியாகப் பார்த்தாள். உள்ளே முறுக்கு வரிகள் கண்ணாடிபோல மின்னின. திருகுகளின் தலைகளைத் தடவினாள். கண்டவன் கைவைத்த துப்பாக்கியில் திருகின் வாய் தேய்ந்திருக்கும், இதில் இல்லை. கட்டை, இரும்போடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் பலம்கொண்டு அழுத்தினாள். அசையவில்லை.

தேடத் தேடக் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் முகம் மேலும் மேலும் கடுகடுத்தது.

கடைசியில் இரண்டு விஷயம் அகப்பட்டது. குழல் முனையில் குறிபார்க்க வைத்திருக்கும் சிறு மணியில் ஆரஞ்சு நிறச் சாயம், ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிப் பூசிப் பட்டாணி அளவுக்குத் தடித்திருந்தது. பின்னால், கண்ணை வைத்துப் பார்க்கும் துளையை யாரோ துரப்பணம் போட்டுப் பெரிதாக்கியிருந்தார்கள்.

"இது என்ன வேலை?"

"வயசாகுது இல்ல," என்றான் கிளோவிஸ். "விடியக்காலை மங்கல்ல நல்லாத் தெரியும்."

"இதை வெச்சு நீ ஒரு தடவை சுடு, பாக்கலாம்."

"தோள்பட்டைன்னு சொன்னேன்ல?"

"ஒரு தடவைதான்."

"நீதானே வாங்கறே? நீயே சுடு!" என்று அவன் கத்தினான்.

வீட்டுக்குப் பின்னால் சரளைக்கல் எடுத்த பள்ளம் இருந்தது. அங்கே நடந்தோம். லியோனா மேல்கோட்டுகூடப் போடாமல் கிளோவிஸுக்குப் பக்கத்தில் வந்தாள். "கொஞ்சம் இப்படி வா, சேறு," என்று அவன் முழங்கையைத் தொட்டாள். இம்பி சுட்டாள். குண்டுகள் எல்லாம் குறிக்கு வைத்த அட்டையில் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன.

பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லித் காசு கொடுக்காமலே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் அதன் மேல் வெட்டியிருந்த எண்ணை மாவட்டக் காவல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, திருட்டுப் பொருளா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். "நல்லாப் பாத்துதான் சொல்றீங்களா?" என்று திரும்பக் கேட்டாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை. இரவு விழுந்த முதல் பனி முற்றத்தில் சேறாகியிருந்தது. கிளோவிஸின் லாரி வந்தது. பக்கத்து இருக்கை காலி. லியோனா காய்ச்சலில் படுத்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

லாரி வழக்கத்தைவிட மெதுவாக ஊர்ந்து வந்து, முன்சக்கரம் எடைமேடையில் ஏறியும் ஏறாமலும் நின்றுவிட்டது. இம்பி ஜன்னலிலிருந்து முன்னால் வரச் சொல்லிக் கையை ஆட்டினாள். லாரி நகரவில்லை. கிளோவிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் பெரிதாக ஆட்டினாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

நான் யந்திரத்தின் மேல் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். திமிர் என்று நினைத்தேன். இம்பியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கூண்டுக் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள். ஆனால் பாதி வழியில் அவள் நடை மாறியது. லாரிக்கு நேர் முன்னால் போய், ஒன்றும் பேசாமல் நின்றாள். கிளோவிஸின் முகத்தில் மாற்றமே இல்லை. அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். ஒன்றுமில்லை. பிறகு அவன் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினான், கோழி பார்ப்பதுபோல, ஓரக்கண்ணால்.

"யாரது?" என்றான். "யாரோ நிக்கறீங்களா?"

நான் யந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடினேன். அதற்குள் இம்பி லாரிப் படியில் ஏறிக் கதவைத் திறந்திருந்தாள்.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

கிளோவிஸின் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது.

"வசந்தத்துலேருந்து. ரெண்டு கண்ணுலயும் நடுவுல புகை மாதிரி. ஓரம் நல்லாத்தான் தெரியுது இம்பி. சத்தியமா. ரோடு எனக்கு மனப்பாடம். மத்ததை லியோனா சொல்லிடுவா."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"திரும்ப வராதுன்னார்."

"என்கிட்ட ஏன் துப்பாக்கியை விக்க வந்தே?"

"வேற யார்கிட்ட வித்தாலும் ஏன் விக்கறேன்னு என்னைக் குடைவாங்க. உன்கிட்ட வித்தா நீ துப்பாக்கியைச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருப்பே. என் பக்கம் திரும்பமாட்டேன்னு நெனச்சேன்."

இம்பி கையை நீட்டி லாரிச் சாவியை உருவிக்கொண்டாள்.

"ஏய்! குடு அதை! இந்தக் குளிர்காலம் மட்டும்தான். லாரிக்கடன் அதோட முடிஞ்சுடும். நானே நிறுத்திடறேன்."

"ஓடைப் பாலத்துக்கிட்ட பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்குதுங்க. இன்னிக்குக் காலையில நின்னுதுங்களா?"

கிளோவிஸ் சாவிக்காகக் கையை நீட்டித் துழாவினான்.

"நின்னுதுங்களா இல்லையா? தெரியாது உனக்கு. இப்ப நான் நின்னதே உனக்குத் தெரியல."

அவன் அழுதான், திட்டினான், மறுபடியும் அழுதான். ஃபின்லாந்துக் கல்நெஞ்சுக்காரி என்றான், பிணந்தின்னி என்றான். தன் பீப்பாய் விவகாரத்துக்கு இத்தனை வருஷம் கழித்துப் பழி வாங்குவதாகச் சொன்னான். இம்பி படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவன் ஓய்ந்ததும், "நீயே போய் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். குடுக்கலைன்னா நாளைக்கு நானே போலீஸுக்குப் போன் பண்ணுவேன்," என்றாள். சாவியை என்னிடம் கொடுத்து லாரியை ஓரம் கட்டச் சொன்னாள். நான் அவனை என் வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அவன் சொன்னபடி செய்தான் என்பதைக்கூட இம்பி நேரே நம்பவில்லை. அவனை லைசென்ஸ் அலுவலகத்துக்குக் கூட்டிப்போன லியோனாவின் தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தாள். அந்தத் தம்பிதான் பிறகு லாரியைக் கடனோடு எடுத்துக்கொண்டான்.

சில நாளில் லியோனா இம்பியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவளோடு சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்ததாக இம்பி சொன்னாள். லியோனா நேராகச் சமையலறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு நன்றி சொல்ல வரல. வீட்டுல அந்த ஆள் சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கார், என்னால தாங்க முடியல. ஆனா ஒண்ணு சொல்றேன். மே மாசத்துலேருந்து அந்த சீட்டுல உக்காந்து நான் கண்ணை இமைக்கல இம்பி. ஒவ்வொரு வளைவுக்கும் உசுரு போய் உசுரு வந்துச்சு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

இம்பி ஏலக்காய் ரொட்டியை அறுத்து வைத்தாள். லியோனா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, மேசையிலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். இம்பி அடுப்பில் விறகு போட்டுவிட்டு, அவள் விழிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

துப்பாக்கி இன்னும் இம்பியின் வீட்டில்தான் இருந்தது. வேட்டை திறக்க ஒரு வாரம். அவள் மறுபடியும் வெஸ் கடைக்குப் போனாள். புதுத் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள், லீவரைத் தள்ளினாள், பொத்தானை அழுத்தினாள், திருப்பி வைத்தாள்.

"இதுக்கு மேல என்ன யோசனை அக்கா?" என்றான் வெஸ். "சொல்லுங்க, பெட்டியில போட்டுத் தரேன்."

"இதுல என்ன குறைன்னு இனிமேதான் தெரியணும் வெஸ். அதுல என்ன குறைன்னு தெரிஞ்சு போச்சு. அது இப்ப பெருபே வீட்டுல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருக்கு."

கிளோவிஸ் கேட்ட விலையை ஒரு உறையில் போட்டு லியோனாவிடம் கொடுத்தாள். அதிகம் கொடுக்கலாமே என்று நான் சொன்னதற்கு, "அப்புறம் நான் எதுக்கோ பரிகாரம் பண்றேன்னு நினைப்பான். நான் தப்பு ஒண்ணும் பண்ணல," என்றாள். பின்னால் இருந்த அகலத் துளையைக் கழற்றிவிட்டுச் சிறிய துளையை மாட்டினாள். ஆரஞ்சுச் சாயத்தைக் கத்தி முனையால் சுரண்டினாள். எல்லாத் திருகையும் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினாள். அதற்கு அவசியம் என்ன என்று நான் கேட்கவில்லை.

வேட்டை திறந்த முதல் நாள் காலையில் சதுப்பின் ஓரத்தில் ஒரு ஆண்மான் எழுந்தது. முதல் குண்டு தேவதாருக் கிளையில் பட்டது. லீவர் ஒரு சத்தம் எழுப்பாமல் ஓடியது. இரண்டாவது குண்டில் மான் விழுந்தது. பின்தொடை ஒன்றை அவள் பெருபே வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு வந்தாள். லியோனா அதைச் சமைத்தாள். கிளோவிஸ் சாப்பிட்டான், ஆனால் கறி கடினம் என்று சொன்னானாம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் அவளோடு பேசவில்லை. கோடையில் அவள் எரிந்த இடத்திலேயே குடிலைத் திரும்பக் கட்டினாள். நானும் இன்னும் சிலரும் கூரை போடப் போயிருந்தோம். ஒருநாள் லியோனா வண்டியில் கிளோவிஸைக் கொண்டுவந்து இறக்கினாள். யாரும் கூப்பிடவில்லை. அவன் புதுப் புகைக்கூண்டைக் கையால் தடவித் தடவிப் பார்த்து, "யார் கட்டினது இது? கோணலா இருக்கு," என்றான்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் இம்பி.

"கை இருக்குல்ல?"

தடவிப் பார்த்தோம். கோணலாகத்தான் இருந்தது. இடித்துக் கட்டினோம்.

அடுத்த நவம்பரிலிருந்து வேட்டை நாட்களில் குடிலில் சமையல் கிளோவிஸ் பொறுப்பு. நாங்கள் மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி ஆரஞ்சு நிற மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு விடியலில் காட்டுக்குள் போவோம். திரும்பும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், உருளைக்கிழங்கு உரித்து வாளித் தண்ணீரில் கிடக்கும். ஓரப் பார்வையும் மெல்ல மங்கிக்கொண்டிருந்தது அவனுக்கு. எங்கள் துப்பாக்கிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டே, யார் சுட்டது, பட்டதா தவறியதா என்று சொல்வான். பெரும்பாலும் தவறியது என்றுதான் சொல்வான்.

இம்பி வந்ததும் கோட்டைக் கழற்றுமுன் வாளிக்குப் போவாள். ஒவ்வொரு கிழங்காக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தோல் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டி, மறுபடியும் கழுவுவாள்.

"என்ன சத்தம் அங்க?" என்பான் கிளோவிஸ் அடுப்படியிலிருந்து. "மறுபடியும் கழுவறியா?"

"இல்லை," என்பாள் இம்பி, கழுவிக்கொண்டே.